தாய்க்கோழி சாட்சி

கோழிதாங்க்கா. பயப்படாதீங்க, கொத்தாது. காலைக் கட்டித்தான் பைக்குள்ள வச்சிருக்கேன். கண்டக்டர் பார்த்தா எறக்கி விட்டுடுவாரோன்னு மேல துண்டைப் போட்டு மூடினேன், அதான் புழுக்கத்துல நெளியுது.

அப்பவே உங்களுக்கு நன்றி சொல்லணும்னு நினைச்சேன். நான் டிக்கெட் கேட்டது அவரு காதுலயே விழலை. நீங்க எடுத்துச் சொல்லலைன்னா இன்னும் என்கிட்ட "எங்கம்மா, எங்கம்மா"ன்னு கத்திக்கிட்டே நின்னிருப்பாரு. எனக்குக் குரல் எழும்பாதுங்க்கா. சின்னதுல இருந்தே அப்படித்தான். அஞ்சாவது வரைக்கும் போனேன், வாத்தியார் கேள்வி கேட்டா பதில் தெரியும், எழுந்து நின்னா வாய் வராது. அப்புறம் ஆடு மேய்க்கப் போயிட்டேன். ஆட்டுக்கிட்டே நல்லாப் பேசுவேன். முகந்தெரியாதவங்ககிட்டேயும் கொஞ்சம் வரும்போல. நீங்க கரூர்ல எறங்கிப் போயிடுவீங்க, அதான்.

விக்கறதுக்கா? இல்லீங்க்கா. விருந்துக்கும் இல்லை. சொன்னா சிரிப்பீங்க. சாட்சி சொல்றதுக்குக் கூட்டிட்டுப் போனேன்.

பார்த்தீங்களா, சிரிச்சுட்டீங்க. சிரிங்க, பரவாயில்லை. அங்கேயும் எல்லாரும் சிரிச்சாங்க.

ஒரு சேவல் எனக்குத் துரோகம் பண்ணிடுச்சுங்க்கா. மனுசங்க பண்ணினாலாவது போகட்டும்னு விட்டுடலாம். என் கையில தின்னு வளர்ந்தது. அதை நினைச்சாத்தான் வயிறு எரியுது.

எங்க வீட்டுக்காரரு பேரு தண்டபாணி. லோடு வண்டி ஓட்டறாரு, குட்டியானைன்னு சொல்வாங்களே அது. நல்ல மனுசனுங்க்கா. குடி கிடையாது. கை நீட்டினது கிடையாது. இருக்கிற ஒரே கிறுக்கு சேவல்தான். சண்டைக்கு விடறவரு இல்லை, அழகு பார்க்கிறது. செல்போன்ல ஒரு கூட்டமே இருக்கு, ஆளுக்கு ஒரு சேவலைப் படம் பிடிச்சுப் போட்டுப் பேசிக்குவாங்க. இவருகிட்ட சொல்லிக்கிற மாதிரி ஒண்ணும் இல்லை. மத்தவங்க சேவலைப் பார்த்துப் பார்த்து, "சூப்பர் அண்ணா"ன்னு அனுப்பிக்கிட்டு இருப்பாரு. பாவமா இருக்கும்.

ஒரு நாள் கோயம்புத்தூர் லோடு போயிட்டு வந்தவரு தூக்குவாளியில தவிடு போட்டு அதுக்குள்ள மூணு முட்டை கொண்டாந்தாரு. ஜப்பான் முட்டையாம். ஷாமோன்னு பேரு. "வளர்ந்து நின்னா உன் இடுப்பு உசரம் வரும் புள்ள"ன்னாரு. அப்போ இந்தக் கோழி அடைக்கு உட்கார்ந்திருந்துச்சு. இதே கோழிதான், பையில இருக்கிறது. என் புள்ளை மிதுனா பொறந்தப்போ எங்கம்மா மூலனூர்ல இருந்து கொண்டாந்து விட்ட கோழி. இது போட்ட முட்டையை எல்லாம் எடுத்துட்டு ஜப்பான் முட்டையை வச்சோம். அதுக்கு என்ன தெரியும், ஒரே நினைப்பா உட்கார்ந்துக்கிச்சு.

ரெண்டு கூமுட்டையாப் போச்சு. ஒண்ணு பொரிச்சுச்சு.

அதை நீங்க பார்த்திருக்கணும். காலு மட்டும் நீளம். கழுத்து நீளம். மத்த குஞ்சுக எல்லாம் இறகு மூடி உருண்டையா ஆகிற வயசுல, இதுக்கு நெஞ்சுல ஒரு மயிர் இல்லை. செகப்பா, வெந்த தோல் மாதிரி. அதும் ஆளு வளரவே இல்லை. எங்க வீட்டுக்காரரு தினம் சுவத்துல நிறுத்தி அளந்து பார்ப்பாரு. இடுப்பு உசரம் எங்கே, முழங்காலுக்கே வராது போல இருந்துச்சு. போட்டோ போட்டா எல்லாரும் கிண்டல் பண்ணுவாங்கன்னு போடவும் இல்லை. ஒரு நாள் சோத்துல கைவச்சுக்கிட்டே, "ஏமாத்திட்டானுங்க. இது சீக்குக்குஞ்சு. உனக்கே வச்சுக்க புள்ள, கொழம்புக்குக்கூட ஆகாது"ன்னுட்டாரு. எங்கத்தை, அவரு அம்மா, பக்கத்துல இருந்தாங்க. "ஆமாமா, மூலனூராளுக்கு ஏத்த குஞ்சு. எலும்பும் தோலும், சத்தமும் கிடையாது"ன்னாங்க.

மூலனூராள்னா நான்தாங்க்கா. எங்க பக்கம் கட்டிக்கிட்டு வந்தவளை அவ பொறந்த ஊரு பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவாங்க. எனக்கு நல்லாம்பாள்னு ஒரு பேரு இருக்கு. ரேசன் கடையில கூப்பிட்டா எனக்கே திரும்பிப் பார்க்கத் தோணாது.

எதுக்குச் சொல்றேன்னா, "உனக்கே வச்சுக்க"ன்னு அவரு வாயால, சாட்சி வச்சுக்கிட்டுச் சொன்னாரு. அதில்லாம எங்க பக்கம் கோழி பொம்பளைங்களோடது. நிலம், மாடு, வண்டி அவங்களோடது. கோழியும் முட்டையும் நம்மளோடது, அதை யாரும் கேட்க மாட்டாங்க. சேவல்லயும்கூட கொழம்புக்கு வளர்க்கிறது நம்மளோடது. கையில ஏந்தித் தடவி நாலு பேருக்குக் காட்டற சேவல்னா மட்டும் ஆம்பளைங்களோடது. அப்படி ஒரு வழக்கம். ஆகமொத்தம் அந்தக் குஞ்சு என்னோடது. நீங்களே சொல்லுங்க.

இவளைப் பத்திச் சொல்லணும். மடியில தூங்கறாளே, மிதுனா. மூணு வயசு முடியப் போகுது. பேச மாட்டாங்க்கா. காது நல்லாக் கேட்குது, டாக்டரம்மா பார்த்துட்டாங்க. பேசும், பொறுங்கன்னாங்க. எங்கத்தை பொறுக்கலை. "தாய் ஊமைக்கோட்டானா இருந்தா புள்ளை எங்கே பேசும்"னு போறவங்க வர்றவங்ககிட்டே எல்லாம் சொல்லுவாங்க. நான் அதுக்கும் ஒண்ணும் சொல்ல மாட்டேன். சொல்லாம இருக்க இருக்க அவங்க சொல்றது நெசம்னு ஆயிடுது இல்லைங்களா. ராத்திரி இவ தூங்கினதுக்கு அப்புறம் காதுகிட்டே பேசிப் பார்ப்பேன். அம்மா சொல்லு. அப்பா சொல்லு. ஆடு சொல்லு. தூங்கற புள்ளைகிட்டே.

அந்தக் குஞ்சுதாங்க்கா இவளைப் பேச வச்சுச்சு.

இவ கேப்பைக்களி திங்கறப்போ அது எதிர்ல வந்து நிக்கும். சாதாரணமா நிக்காது. நட்டு வச்ச உலக்கை மாதிரி, நெஞ்சை நிமித்திக்கிட்டு, தோளை ரெண்டு பக்கமும் தூக்கிக்கிட்டு, வாரண்டு கொண்டாந்த போலீஸ்காரன் மாதிரி நிக்கும். இவ ஒரு வாய் தின்னு, அதுக்கு ஒரு வாய். மத்த கோழி பக்கத்துல வந்துட்டா பிரிச்சு மேஞ்சுடும். மனுசங்ககிட்டே மட்டும் பூனைக்குட்டி. இவ மடியில தூக்கிப் போட்டு வாலைப் பிடிச்சு இழுத்தாக்கூடப் பேசாம படுத்திருக்கும். நான் "ஷாமோ, வா வா"ன்னு கூப்பிடறதைக் கேட்டுக்கிட்டே இருந்திருக்கா. ஒரு நாள் இவ "மோ"ன்னா.

நான் அடுப்படியில இருந்தேன். கையில இருந்த கரண்டியை அப்படியே விட்டுட்டேன். "மோ." திருப்பியும் "மோ." எங்கத்தை ஓடி வந்தாங்க. "பேசிட்டா, என் தங்கம் பேசிட்டா, மோர் கேட்கறா"ன்னு ஒரு டம்ளர் மோரைக் கலக்கி வாயில ஊத்திட்டாங்க. அதுல இருந்து இவ எப்போ மோன்னாலும் மோருதான். சளி பிடிச்சுக் கிடக்கும், அப்பவும் மோரு. அது சேவலுங்க அத்தைன்னு சொல்ல நானும் வாயைத் தொறப்பேன். வராது. இவளும் குடிச்சுக்குவா. ஒரே ஒரு வார்த்தை, அதுக்கு வர்ற கூலின்னு நினைச்சிருப்பா.

அப்புறம் அந்தக் குஞ்சுக்கு இறகு வந்துச்சு. நெறைய இல்லை, அதுக்கு அவ்வளவுதான் போல. ஒட்ட வச்ச மாதிரி கொஞ்சமா, கெட்டியா, மினுமினுன்னு. நெஞ்சுல செகப்புத் தோல் அப்படியே தெரியும். தலையில கொண்டை பாதி உடைச்ச கொட்டைப்பாக்கு மாதிரி சின்னதா. கண்ணு முத்து. கன்னம் ரெண்டும் கெழவன் மாதிரி மடிப்பு மடிப்பா. வாலு கொஞ்சூண்டு, கீழே சுருண்டு, கொடுக்காப்புளி மாதிரி. ஆளு குள்ளம்தான். ஆனா ரோட்டுல போறவங்க நின்னு பார்ப்பாங்க.

எங்க வீட்டுக்காரரு ஒரு நாள் கிண்டலுக்குத்தான் போட்டோ எடுத்துப் போட்டாரு. குள்ள ஷாமோன்னு. அன்னைக்கு அவரு போன் அடங்கவே இல்லை. யாரோ சொல்லியிருக்காங்க, இது ஷாமோவுல சின்ன ஜாதி, கோ ஷாமோன்னு பேரு, இதை அழகுக்குன்னே குள்ளமா வளர்த்துக் கொண்டாந்தாங்க, இந்த உசரம்தான் இதுக்கு லட்சணம்னு. முட்டை குடுத்தவனே பெருசுன்னு நினைச்சு மாத்திக் குடுத்திருக்கான். அதுல இருந்து அவரு வீட்டுக்கு வந்தா முதல்ல சேவலைத்தான் எடுப்பாரு. "நம்ம சேவல்"னாரு கொஞ்ச நாளு. அப்புறம் "என் சேவல்"னாரு. எனக்கு ஒண்ணும் இல்லைங்க்கா. அவருக்கும் நாலு பேரு சூப்பர்னு அனுப்பறாங்களேன்னு சந்தோசமா இருந்துச்சு. அவரு வேலைக்குப் போனா அது இவகிட்டேதானே இருக்கு.

போன ஐப்பசியில ஊருல வெள்ளைக்கழிச்சல் வந்துச்சு, தெருவுல பாதிக் கோழி போச்சு. ஊசி போட்டுட்டு வர்றேன்னு சேவலை அட்டைப்பெட்டியில வச்சு எடுத்துட்டுப் போனாரு. சாயங்காலம் வெறுங்கையா வந்தாரு. வழியிலயே செத்துப்போச்சு, ரோட்டோரம் குழி தோண்டிப் புதைச்சுட்டேன்னாரு. இவ கதவுகிட்டே நின்னு அந்த அட்டைப்பெட்டி வருமான்னு பார்த்துக்கிட்டே இருந்தா. அன்னைக்கு எங்க வீட்டுல யாரும் சாப்பிடலை. அவரும் எனக்கு வேண்டாம்னுட்டாரு. சட்டையைத் துவைக்க எடுத்தா பிரியாணி வாசம். துக்கத்துல இருந்த மனுசனை யாரோ வற்புறுத்திச் சாப்பிட வச்சிருப்பாங்க.

அதுக்கப்புறம் இவ அந்த ஒரு வார்த்தையையும் விட்டுட்டாங்க்கா. எங்கத்தை டம்ளரைத் தூக்கிக் காட்டிக் காட்டி "மோ, மோ"ன்னு கெஞ்சுவாங்க. இவ முகத்தைத் திருப்பிக்குவா. என்னை மாதிரியே.

இப்போ முந்தாநாள் என்னாச்சுன்னா, அவரு குளிக்கப் போயிருந்தாரு. இவ அவரு செல்போனை எடுத்துத் தேய்ச்சுக்கிட்டு இருந்தா. திடீர்னு "மோ."

எங்கத்தை அந்தக் கடைசியில இருந்து மோர்ச் சட்டியோட ஓடி வர்றாங்க. நான் போனைப் பார்க்கறேன். எங்க சேவல்ங்க்கா. ஒரு மேசை மேல நிக்குது. சுத்தி ஆளுங்க. பின்னாடி ஒரு போர்டு, எழுத்துக் கூட்டிப் படிச்சேன். சிவானந்தம் சேவல் பண்ணை, உடுமலை. அதுக்குள்ள குளியல் கதவு தொறக்கிற சத்தம் கேட்டு வச்சுட்டேன். இவ வாயில மோரு ஒழுகிக்கிட்டு இருக்கு, கையை நீட்டிக்கிட்டு "மோ, மோ"ன்னு அழறா.

நான் அன்னைக்குப் பூராவும் யோசிச்சேன். செத்தது எப்படி மேசை மேல நிக்கும்? அப்போதான் தோணுச்சு. சில கோழி வெயில்ல மயங்கிக் கிடக்கும், தண்ணி தெளிச்சா எழுந்துக்கும். இவரு எளகின மனசு, சரியாப் பார்த்திருக்க மாட்டாரு. செத்துப்போச்சுன்னு நினைச்சுப் புதைச்சிருப்பாரு, மேலாப்புல. எவனோ பார்த்துக்கிட்டு இருந்து தோண்டி எடுத்துட்டுப் போய்ப் பண்ணைக்காரருக்குக் குடுத்திருக்கான். அந்தப் படம் கூட்டத்துல சுத்தி இவரு போனுக்கும் வந்திருக்கு, இவரு கவனிக்கலை. அப்படித்தான் இருக்கணும்னு நினைச்சேன். அவருகிட்டே சொல்லாமயே மீட்டுக் கொண்டாந்து முன்னாடி நிறுத்தணும்னு முடிவு பண்ணினேன். முகம் எப்படி மலரும்னு நினைச்சு நினைச்சு எனக்குச் சிரிப்பு வேற.

என்ன சொல்லிக் கேக்கறது? எனக்குத்தான் வாய் வராதே. அதான் கோழியைக் கூட்டிட்டுப் போனேன். எங்க மூலனூர்ல ஆட்டுக்குட்டி காணாமப் போய் எவன் பட்டியிலயாவது கிடந்துச்சுன்னா பேசிக்கிட்டே நிக்க மாட்டாங்க. தாயாட்டைக் கொண்டுபோய் விடுவாங்க. குட்டி ஓடி வந்து மடியை முட்டும். அதோட வழக்கு முடிஞ்சுது, எவனும் மூச்சு விட மாட்டான். எங்கப்பா அப்படி ஒரு குட்டியை மீட்டிருக்காரு, நானே பார்த்திருக்கேன். ஆட்டுக்கு ஒரு ஞாயம் கோழிக்கு ஒரு ஞாயமா?

இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. அவரு திருப்பூர் லோடுன்னு விடியங்காட்டியே கெளம்பிட்டாரு. ஞாயித்துக்கிழமைன்னா இப்போ கொஞ்ச காலமா திருப்பூர் லோடு வந்துடுது. நான் எங்கத்தைகிட்டே ஆஸ்பத்திரின்னு சொல்லிட்டுக் கெளம்பிட்டேன்.

பெரிய தோப்புங்க்கா அது. தென்னை. நடுவுல கம்பி வலை போட்டு வரிசையா கூண்டு. வெளியூர் ஆளுங்க காரு போட்டுக்கிட்டு வந்திருக்காங்க, பார்க்க. சிவானந்தம்ங்கறவரு வெள்ளைச் சட்டை, நல்ல மனுசனாத்தான் தெரிஞ்சாரு. மேசை மேல எங்க சேவலை நிறுத்தி வச்சுக்கிட்டுப் பாடம் நடத்தற மாதிரி பேசிக்கிட்டு இருந்தாரு. நான் மோட்டார் ரூம் ஓரமா நின்னுக்கிட்டேன், இவளை இடுப்புல வச்சுக்கிட்டு.

"இது ஆதியில ஜப்பான் சேவலே இல்லை"ன்னாரு. "சியாம் தேசத்துல இருந்து கப்பல்ல போனது. சியாம்ங்கற பேரு ஜப்பான்காரங்க வாயில ஷாமோன்னு ஆயிடுச்சு. அதுக்கும் முந்தி இந்த ரத்தம் நம்ம நாட்டுல இருந்துதான் போச்சுன்னு சொல்றவங்களும் இருக்காங்க. பெருசு சண்டைக்கு. இந்தச் சின்னதை அழகுக்குன்னே வளர்த்தாங்க. வாலைப் பாருங்க, இறால் வாலுன்னு சொல்லுவாங்க."

நான் இறாலைப் பார்த்ததில்லைங்க்கா. ஆனா மத்தது எனக்குச் சுருக்குன்னு புரிஞ்சுடுச்சு. சியாம்ல இருந்து வந்ததால சியாம்காரன். மூலனூராள் மாதிரி. பாவம், அதுக்கும் சொந்தப் பேரு இல்லை. எங்கேயோ பொறந்து, எங்கேயோ போய், திரும்ப இங்கேயே வந்து நிக்குது, யாருக்கும் அடையாளம் தெரியலை. எனக்குக் கண்ணுல தண்ணி முட்டிக்கிச்சு.

அப்போ அவரு சொல்றாரு: "முட்டை கோயம்புத்தூர்ல வாங்கினது. மெசின்ல வச்சுப் பொரிச்சது. நாட்டுக்கோழி வாடையே படாம, தனியா ரூம் போட்டு, ஒத்தை ஆளா நின்னு வளர்த்துக் குடுத்தாரு நம்ம தண்டபாணி."

நான் நினைச்சேன், பழனிமலை தெரியற ஊருகள்ல தண்டபாணிக்கு என்ன பஞ்சம், வேற யாரோன்னு.

மெசினாம்ங்க்கா. இந்தக் கோழி அத்தனை நாளும் எரைக்குக்கூட எந்திரிக்காம உட்கார்ந்து எளைச்சுப்போச்சு. சியாமைச் சொன்னாரு, ஜப்பானைச் சொன்னாரு, கப்பலைச் சொன்னாரு, இதைச் சொல்லலை. எனக்கு எங்கிருந்துதான் அந்தத் தைரியம் வந்துச்சோ, பேச வாய் வரலை, நேரா கூட்டத்துக்குள்ள போய்ப் பையைக் கவுத்துக் கோழியை எறக்கி விட்டுட்டேன். கால்கட்டை அவுத்துட்டுத்தான்.

எல்லாரும் வெலகினாங்க. சேவல் மேசையில இருந்து குதிச்சுச்சு. வருது, வருது, கிட்ட வருது. வந்துட்டுது, இனி தாயோட எறக்கையில மூக்கை வைக்கும்னு பார்க்கறேன்.

ஒரு எறக்கையைத் தரையில தேய விட்டுச்சுங்க்கா. சுத்தி சுத்தி வந்துச்சு. சேவல் பொட்டைகிட்டே வருமே, அப்படி.

நான் எப்படிச் சொல்லுவேன். தாய்கிட்டே.

கூட்டம் சிரிச்சுச்சு பாருங்க. "ஜப்பான் மாப்பிள்ளைக்கு நம்மூருப் பொண்ணுதான் வேணுமாம்"னு ஒருத்தரு. "சீர்வரிசை பையோட வந்துடுச்சு"ன்னு இன்னொருத்தரு. கோழி பயந்து நாற்காலிக்கு அடியில போயிடுச்சு. நான் சேவலைப் பார்த்தேன். அது அந்த முத்துக்கண்ணால என்னையும் பார்த்துச்சு, இவளையும் பார்த்துச்சு, பார்த்துட்டுத் திரும்பிக்கிச்சு. நன்றி கெட்ட ஜாதி. கேப்பைக்களி ஊட்டின கையி இது. துரோகின்னா அதுதான் துரோகி. அதை நான் சாகற வரைக்கும் மன்னிக்க மாட்டேன்.

சிவானந்தம் சிரிக்கலை. "யாரம்மா நீ? யாருப்பா இந்தப் பொண்ணு, யாருக்காச்சும் தெரியுமா?"ன்னு கேட்டாரு.

அப்போதான் பார்த்தேன். எதிர்ப்பக்கம் போனைத் தூக்கிப் படம் எடுத்துக்கிட்டு நிக்கிறாரு எங்க வீட்டுக்காரரு. நான் தீபாவளிக்கு எடுத்துக் குடுத்த ஊதாச் சட்டை.

அவரு போனை எறக்கினாரு. என்னைப் பார்த்தாரு. "எங்க ஊர்ப் பொண்ணுங்க சார்"னாரு.

தப்பா நினைக்காதீங்க்கா. அவ்வளவு பெரிய மனுசங்க நடுவுல திடீர்னு கேட்டா யாருக்கும் வாய் கொளறும். அவருக்கும் என்னை மாதிரிக் கூச்சம் உண்டு, வெளியில தெரியாது. மெசின்ல பொரிச்சேன்னு சொல்லியிருக்காரு, அங்கே போய் நான் பையில கோழியோட நின்னா அவரு மானம் என்ன ஆகும். என் மேலதான் தப்பு. குனிஞ்சு கோழியைப் பிடிக்கப் போனேன்.

குனியறப்போ இவ இடுப்புல இருந்து நழுவிட்டா. ஓடினா. அந்தச் சேவலைத் தாண்டி ஓடினாங்க்கா, அதைத் திரும்பிக்கூடப் பார்க்கலை. நேராப் போய் அவரு காலைக் கட்டிக்கிட்டு, அண்ணாந்து பார்த்து, "அப்பா"ன்னா.

தெளிவா. அ-ப்-பா. இத்தனை வருசமா நான் தூங்கற புள்ளை காதுல சொல்லிச் சொல்லிப் பார்த்த மாதிரி.

சிவானந்தம் அவரைப் பார்த்தாரு. எங்க வீட்டுக்காரரு சிரிச்சாரு. "இந்த வயசுல புள்ளைங்க எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடும் சார்"னாரு. சொல்லிட்டு, இவ விரலை ஒண்ணொண்ணா எடுத்து விட்டாரு. மேசையில இருந்த பிஸ்கட் ஒண்ணை எடுத்து இவ கையில குடுத்தாரு.

எல்லாரையும் கூப்பிடுமாம்.

தண்ணி இருக்குங்களாக்கா? கொஞ்சம் குடுங்க.

அப்புறம் என்ன. சிவானந்தம்தான், "தண்டபாணி, உங்க ஊர்ப் பொண்ணுன்றே, பஸ் ஸ்டாப் வரைக்கும் போய் ஏத்தி விட்டுட்டு வாப்பா"ன்னாரு. அவரு முன்னாடி நடந்தாரு, நான் பின்னாடி. வெயிலு. இவளையும் கோழியையும் தூக்கிக்கிட்டு என்னால வேகமா நடக்க முடியலை. அவரு வாங்கிக்கலை. தோப்புல இருந்து பார்த்தாத் தெரியுமே, அதனால. ரோடு வந்ததும் மெதுவாச் சொன்னாரு. சாரு அவரைப் பண்ணையைப் பார்த்துக்கச் சொல்லிச் சேர்த்துக்கப் போறாராம், சேவலைக் குடுத்ததுனாலதான் அந்தப் பழக்கமாம், எல்லாம் புள்ளைக்காகத்தானாம். வீட்டுக்குப் போ, அம்மாகிட்டே ஒண்ணும் சொல்லாத, வந்து பேசிக்கலாம்னாரு.

நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். "செத்துப்போச்சுன்னு எதுக்குங்க சொன்னீங்க?"

"கேட்டா நீ குடுத்திருப்பியா?"ன்னாரு.

குடுத்திருப்பேங்க்கா. அதுதான் எனக்குச் சொல்லத் தெரியலை. கேட்டிருந்தா குடுத்திருப்பேன். அவருக்கு நான் எதைக் குடுக்கலை.

பஸ் வந்துச்சு. ஏறினதும் திரும்பிப் பார்த்தேன், அவரு தோப்புப் பக்கம் நடந்துக்கிட்டு இருந்தாரு. இவ ஜன்னல்ல மூக்கை வச்சுக்கிட்டு, பிஸ்கட்டைத் திங்காமப் பிடிச்சுக்கிட்டே தூங்கிட்டா. பாருங்க, இன்னும் கையில அப்படியே இருக்கு. மறுபடி பேசுவாளான்னு தெரியலை. நான் இவ பேசணும்னு வேண்டாத கோயில் இல்லை. பேசினா. அதைப் போய் எல்லாரையும் சொல்லும்னு ஒரே வார்த்தையில... என்னைச் சொன்னா பரவாயில்லைங்க்கா. என்னை என்ன வேணாலும் சொல்லட்டும்.

ஆமா, என் போன்தான் அடிக்குது. அவருதான். பண்ணையில கூட்டம் கலைஞ்சிருக்கும். இல்லைங்க்கா, எடுக்கலை. எடுத்தா யாரு பேசறதுன்னு என்னத்தைச் சொல்றது? ஊர்ப் பொண்ணுன்னா? நான் அவங்க ஊர்ப் பொண்ணே இல்லையே. அதை அங்கேயே சொல்லியிருக்கலாம். நான் மூலனூரு.

நிக்கட்டும், தானா நின்னுடும்.

எங்கே எறங்கணுமா? நீங்கதானே டிக்கெட்டே சொல்லி வாங்கிக் குடுத்தீங்க. காத்தாலை வரிசையா சுத்துமே, அது முடியற எடத்துல ஒரு கறிக்கடை, அதுதான் எங்க ஸ்டாப்பு. ஆமாங்க்கா, தாண்டிடுச்சு. வெங்காய லாரியை முந்தினப்போ போயிடுச்சு. இல்லையில்லை, பேச்சு சுவாரசியத்துல விடலை. ஒரு பெரியவரு மூட்டையோட எறங்கினாரு, பார்த்தேன். எங்கத்தை கறிக்கடை வாசல்ல யார்கிட்டேயோ பேசிக்கிட்டு இருந்தாங்க, அவங்களையும் பார்த்தேன். பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்.

கண்டக்டரு வர்றாரு பாருங்க. வேண்டாங்க்கா, நீங்க சொல்ல வேண்டாம். இருங்க, இந்தத் துண்டை எடுத்துடறேன், பாவம், காத்து வாங்கட்டும்.

"அண்ணா. இங்கேதாங்ண்ணா, இந்தச் சீட்டு. மூலனூருக்கு ஒண்ணு போடுங்க. இந்தக் கோழிக்கும் ஒண்ணு போட்டுடுங்க."